பூமி சூடாகிறதா, இல்லை சும்மா சொல்கிறார்களா? ஏல மலைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடி, கம்பம், குமுளி, வண்டன்மேடு, பூப்பாறை, மூணாறு என்று தமிழ்நாடு-கேரள எல்லையில் ஏலக்காய் விளையும் மலைக்கு மேலும் கீழுமாக வாழும் தமிழர்களிடம் காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால் இரண்டு சந்தேகங்கள் எழும். பூமி சூடாவது உண்மையா என்பது ஒன்று. அதைச் சாக்காக வைத்து நம் நிலத்திலும் பாக்கெட்டிலும் கை வைக்கிறார்களா என்பது இன்னொன்று. முதல் சந்தேகத்துக்கு அளவீடுகள் பதில் சொல்லி நாளாகிவிட்டது. இரண்டாவதில் பல இடங்களில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான் சிக்கல். ஒரு சட்டத்தை எதிர்க்கப் போன ஆள் தெர்மாமீட்டரோடும் சண்டை போட வேண்டியதாகிவிடுகிறது.

மூணாறில் ஜனவரியில் உறைபனி விழுகிறது. அப்புறம் எங்கே சூடாகிறது?

உறைபனி விழ மேகமில்லாத வானம், ஈரம் குறைந்த காற்று, காற்றோட்டமில்லாத இரவு ஆகிய மூன்றும் சேர வேண்டும். தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஓடையோரப் புல்லும் பள்ளத்துத் தேயிலையும் கருகும்போது மேட்டுத் தேயிலை தப்பிவிடுகிறது. சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடியிருந்தாலும் இந்த மூன்றும் கூடும் இரவில் பனி உறையத்தான் செய்யும்.

தெர்மாமீட்டர் எங்கே இருந்தது என்பதையும் கேளுங்கள். வானிலை நிலையத்தில் அதைக் காற்றுப் புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் 1.25 மீட்டர் உயரத்தில் வைப்பார்கள். புல் மேல் கிடக்கும் தெர்மாமீட்டர் சுழியத்துக்குக் கீழே காட்டும் அதே விடியற்காலையில் பெட்டிக்குள் 3 அல்லது 4 டிகிரி இருக்கலாம். செய்திகளில் இரண்டும் கலந்து வருகின்றன. ஒப்பிட வேண்டுமானால் ஒரே இடம், ஒரே உயரம், குறைந்தது 30 வருடக் குறிப்பு வேண்டும்.

தொண்ணூத்தொம்பது வெள்ளம் 1924-லேயே வந்தது. அப்போது ஏது புவி வெப்பமாதல்?

நல்ல கேள்வி. மலையாள ஆண்டு 1099-இல், அதாவது 1924 ஜூலையில், வந்த அந்த வெள்ளம் மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அடியோடு கொண்டுபோனது. ரயில் திரும்ப ஓடவே இல்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு மத்திய நீர் ஆணையமும் அந்த மழையை 1924 தேவிகுளம் மழையோடுதான் ஒப்பிட்டது. பெருமழை இந்த மலைக்குப் புதிதல்ல.

யாரும் புதிது என்று சொல்லவும் இல்லை. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிறது, வரும்போது எவ்வளவு கொட்டுகிறது என்பவைதான் மாறுகின்றன. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே அதே மேகக்கூட்டம் இறக்கும் மழை கூடுகிறது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்கு முன் ஒரே நாளில் பெய்தது 140 மில்லிமீட்டருக்கு மேல். பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று கணக்குப் போட்டு, வெப்பமாதலால் அந்த மழை சுமார் 10 சதவீதம் வலுத்திருக்கிறது என்றது. பத்து சதவீதம்தானா என்று தோன்றலாம். ஏற்கெனவே ஊறிப்போய் நிற்கும் சரிவுக்கு அந்தக் கடைசிப் பத்து சதவீதம் போதும்.

2018-இல் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் 2,346.6 மில்லிமீட்டர் பெய்தது. வழக்கமான அளவு 1,649.5. அந்த வருடத்தை மட்டும் காட்டி "இதோ காலநிலை மாற்றம்" என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். ஒரு வருடம் எதையும் நிரூபிக்காது. 1924-க்கும் அதே விதிதான்.

நாளைய மழையையே சரியாகச் சொல்ல முடியவில்லை. 2050-ஐ எப்படிச் சொல்வார்கள்?

இரண்டும் வேறு வேலை. செவ்வாய்க்கிழமை நெடுங்கண்டத்தில் மழையா என்பது ஒரு மேகம் எந்தப் பக்கம் நகரும் என்பதைப் பொறுத்தது. ஏப்ரல் மாதம் டிசம்பரைவிடச் சூடாக இருக்கும் என்று சொல்ல எந்த மேகத்தையும் பின்தொடர வேண்டாம். நீண்டகாலக் கணிப்பு இந்த இரண்டாவது வகை. ஆனால் "2040-இல் உடும்பன்சோலையில் இத்தனை மில்லிமீட்டர்" என்று எவராவது துல்லியமாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். மலைச்சரிவு, கணவாய், காற்றுமறைவு எல்லாம் கலந்த இந்த நிலப்பரப்பில் அந்த அளவுத் துல்லியம் கணினி மாதிரிகளுக்குக் கிடையாது.

காற்றில் 0.04 சதவீதம் இருக்கும் வாயு என்ன செய்துவிடும்?

காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தை இவை இரண்டும் பிடிப்பதில்லை. பிடிப்பவை நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற சில வாயுக்கள் மட்டுமே. டிண்டால் என்ற விஞ்ஞானி 1859-லேயே குழாயில் வாயுவை அடைத்து இதை அளந்து காட்டினார். ஆலைக் காலத்துக்கு முன் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, ஹவாய்த் தீவில் தொடர் அளவீடு தொடங்கிய 1958-இல் 315 ஆனது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மொத்தக் காற்றில் பங்கு சிறிதுதான், ஆனால் வெப்பத்தைப் பிடிக்கும் அந்த வாயு ஒன்றரை மடங்காகியிருக்கிறது.

சூரியன், எரிமலை, இயற்கைச் சுழற்சி இவற்றால் வந்திருக்கலாமே?

மூன்றையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டார்கள். சூரிய ஒளியின் அளவைச் செயற்கைக்கோள்கள் 1970-களின் கடைசியிலிருந்து அளக்கின்றன. 11 வருடச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர மொத்தத்தில் கூடவில்லை. சூரியன் காரணமாக இருந்தால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. உலக எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு விடுவது மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

கூடிய கார்பன் டை ஆக்சைடு நிலக்கரி, பெட்ரோல் போன்றவற்றை எரித்ததிலிருந்துதான் வந்தது என்பதற்கு கார்பனிலேயே அடையாளம் இருக்கிறது. பல கோடி வருடம் புதைந்து கிடந்த கரியில் கதிரியக்கக் கார்பன்-14 இருக்காது, கார்பன்-13-உம் குறைவு. 1950, 60-களில் அணுகுண்டுச் சோதனைகள் கார்பன்-14-ஐக் கூட்டியதைத் தவிர்த்துப் பார்த்தால், காற்றிலுள்ள கார்பனில் இந்த இரண்டின் பங்கும் அதே போக்கில் குறைந்து வந்திருக்கிறது.

விஞ்ஞானிகளே கணக்கைத் திருத்துகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

இரண்டு சம்பவங்களைச் சுற்றித்தான் இந்தப் பேச்சு. 2009 நவம்பரில் பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளிவந்தன. விசாரணைகள் பல நடந்தன. தரவைப் போலியாக உருவாக்கியதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. கேட்டவர்களுக்குத் தரவைத் திறந்து காட்டத் தயங்கினார்கள் என்ற குறை மட்டும் பதிவானது, அந்தக் குறை நியாயமானதே. இன்னொன்று, இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் வந்த வரி. அது தவறு என்று 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்கள்.

இவற்றை வைத்து வெப்பமாதலே பொய் என்று முடிவு கட்டுவதற்கு முன், சந்தேகப்பட்டவர்கள் அளந்து கண்டது என்ன என்று பாருங்கள். பெர்க்கிலியின் இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் பழைய கணக்குகளை நம்பாமல் தனியாக ஒரு குழு அமைத்தார். நகரக் கான்கிரீட்டின் சூட்டையும் பிரித்துப் பார்த்தார். 2012-இல், வெப்பமாதல் உண்மை, காரணம் பெரும்பாலும் மனிதர் என்று எழுதினார். அலபாமாவில் ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் நடத்தும் செயற்கைக்கோள் கணக்கு இன்னொன்று. இருவரும் காலநிலைக் கொள்கைகளைக் கடுமையாக விமர்சிப்பவர்கள். அவர்கள் கணக்கிலும் பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி ஏற்றம் இருக்கிறது.

மரத்தை வெட்டியதும் ஜே.சி.பி. வைத்து மலையைக் குடைந்ததும்தான் காரணம். கார்பன் மேல் பழி போடுவது ஏன்?

இதில் பாதிக்கு மேல் சரி. நிழல் மரக் கிளையை அளவுக்கு மீறிக் கழித்த ஏலத்தோட்டத்தில் பகல் சூடு ஏறும், மண் ஈரம் போகும். ரிசார்ட்டுக்காகவும் ரோட்டுக்காகவும் சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டினால் மேலே இருக்கும் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். இவற்றுக்கு அரபிக்கடல் வெப்பத்தைக் காரணம் காட்டும் அதிகாரியும் ஒப்பந்தக்காரரும் தங்கள் பொறுப்பிலிருந்து நழுவுகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஜே.சி.பி. தலையிலும் கட்ட முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடி நிலச்சரிவில் 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். சரிவு மேலே மலையில் தொடங்கி ஓடை வழியாக இறங்கி, அதன் கரையில் இருந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, மூடியது. அங்கே மழையின் அளவும், லயம் கட்டிய இடமும் சேர்ந்து கொன்றன.

செங்குத்தான சரிவில் செய்யக்கூடாத ஒன்று, மழைநீரைச் சேமிக்கிறோம் என்று வரிசையாகக் குழி வெட்டுவது. சமவெளிக்கு நல்ல யோசனை. சரிவில் அது நீரை மண்ணுக்குள் இறக்கி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையே வழுக்கலை உண்டாக்கும். அங்கே நீரை வெட்டுவாய்க்கால் வழியாக ஓடைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். சரிவில் புதுப் பிளவு, சாயும் மரம், ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது, மழை கொட்டும்போதே ஓடை வற்றுவது என எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்காமல் லயத்தைக் காலி செய்யுங்கள். ஓடை வற்றுகிறது என்றால் மேலே எங்கோ அடைத்திருக்கிறது என்று பொருள்.

கம்பம் பள்ளத்தாக்கில் மழை குறையக் காற்றாலைதானே காரணம்?

இல்லை. காற்றாலை தொடுவது தரையிலிருந்து 100, 150 மீட்டர் வரையுள்ள காற்றை. மழை மேகம் வளர்வது அதற்குப் பல மடங்கு மேலே, கிலோமீட்டர் கணக்கில். கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்குப் பருவமழையின் மறைவில் இருக்கிறது. காற்றாலை வருவதற்கு முன்பும் குமுளியில் கொட்டும்போது கம்பத்தில் தூறல்தான். காற்று நன்றாக வீசும் இடம் என்பதால் காற்றாலையை அங்கே நட்டார்கள். மழையை மேற்கே இறக்கிவிட்டு வரும் காற்றுதான் அது.

கார்பன் டை ஆக்சைடு செடிக்கு உணவு. கூடினால் மகசூல் கூடாதா?

தண்ணீரும் உரமும் போதுமானால் ஓரளவு கூடும், கண்ணாடிக் கூடாரங்களில் அப்படிச் செய்கிறார்கள். ஏலத்துக்குத் தட்டுப்பாடு அந்த வாயுவில் இல்லை. அது கேட்பது நிழல், ஈரக்காற்று, நீண்ட இடைவெளி விடாமல் அளவாக வரும் மழை. கோடை மழை தள்ளிப்போனால் பூச்சரம் காய்ந்துபோகிறது, வறட்சியில் இலைப்பேன் பெருகிக் காய் சொறி பிடிக்கிறது. பிறகு விடாமல் பெய்தால் அழுகல். 2024 கோடையில் இடுக்கி ஏலத்தோட்டங்கள் கருகியபோது காற்றில் அந்த "உணவு" முன்னெப்போதையும்விட அதிகமாகவே இருந்தது.

அமெரிக்கா எரித்ததற்கு நாம் ஏன் கட்ட வேண்டும்?

கேள்வி நியாயமானது. இந்தியரின் தலைக்கு வருடத்துக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு, உலகச் சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு, அமெரிக்கரின் தலைக்குச் சுமார் 14. அதனால்தான் இந்தியா 2030-க்கு ஒப்புக்கொண்டதில் மொத்த உமிழ்வை வெட்டும் வாக்குறுதி கிடையாது. உற்பத்தி மதிப்பின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் உமிழ்வை 2005 அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பது என்றே இருக்கிறது. நிகர சுழியத்துக்கு, அதாவது விடும் அளவும் திரும்ப உறிஞ்சும் அளவும் சமமாவதற்கு, 2070 வரை கெடு. "நாளைக்கே நம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை மூடச் சொல்வார்கள்" என்ற பயத்துக்கு இந்த ஒப்பந்தத்தில் இடமில்லை.

காட்கில், கஸ்தூரிரங்கன் அறிக்கைகள் வந்தால் நிலத்தை விட்டுப் போக வேண்டியதுதானா?

முதலில், இவை காலநிலை ஒப்பந்தங்கள் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டையும் உயிரினங்களையும் காக்க எழுதப்பட்டவை. காட்கில் குழு 2011-இலும் கஸ்தூரிரங்கன் குழு 2013-இலும் அறிக்கை தந்தன. 2013 நவம்பரில் இடுக்கி கொந்தளித்தது இரண்டாவதற்கு எதிராக.

கஸ்தூரிரங்கன் அறிக்கையை ஒட்டி மத்திய அரசு வெளியிட்ட 2024 ஜூலை 31 அறிவிக்கை வரைவில் கேரளத்தில் 9,993.7 சதுர கிலோமீட்டரும் தமிழ்நாட்டில் 6,914 சதுர கிலோமீட்டரும் சூழல் உணர்திறன் பகுதியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. தடை வருவது குவாரி, சுரங்கம், மணல் அள்ளுதல், புது அனல் மின்நிலையம், அதிகம் மாசுபடுத்தும் சிவப்பு வகைத் தொழிற்சாலை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான கட்டடம் ஆகியவற்றுக்கு. விவசாயத்துக்கும் நிலம் கைமாறுவதற்கும் வரைவில் தடை இல்லை. வீடு கட்ட முடியாது என்று பரப்பியவர்கள் அந்த 20,000 என்ற எண்ணைச் சொல்லாமல் விட்டார்கள்.

ஆனால் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்பதும் பொய். கஸ்தூரிரங்கன் குழு கிராமத்தை அலகாக எடுத்தது. ஒரு கிராமத்தின் பரப்பில் 20 சதவீதமோ அதற்கு மேலோ காட்டு நிலமாக இருந்தால் கிராமம் முழுவதும் பட்டியலில். இடுக்கியில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் டவுன், பள்ளி, ஆயிரக்கணக்கான வீடுகள் எல்லாம் அடங்கும். செயற்கைக்கோள் படத்தில் நிழல் மரம் அடர்ந்த ஏலத்தோட்டம் காடு போலவே தெரியும். தோட்டக்காரரின் நிஜமான குறை இதுதான்.

வரைவு வந்தால் ஆட்சேபம் சொல்ல 60 நாள். "முழுவதையும் ரத்து செய்" என்று ஒரு வரி எழுதினால் எண்ணிக்கையில் சேரும், வரைபடம் மாறாது. கிராமப் பெயர், பிளாக் எண், சர்வே எண், பட்டா நகல், வரி ரசீது, தேதி தெரியும் தோட்டப் படம், எந்த எல்லைக்கோடு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற விவரம், இத்தனையும் வைத்து அனுப்புங்கள்.

பெருமழை வரும் என்று பயம் காட்டுவது முல்லைப் பெரியாறு அணை மட்டத்தைக் குறைக்கத்தானே?

142 அடி என்பது 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த எல்லை. அணையின் பலம் பொறியியல் கேள்வி, அதற்கு வானிலை அறிக்கை சான்றாகாது. வெள்ளத்துக்கு இடம் விட, மாதத்துக்கு மாதம் மாறும் மேல்மட்ட அளவு ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. மழை முறை மாறினால் பேச வேண்டியது அந்த அட்டவணையைப் பற்றி. அணை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் அதை இழுப்பவர் எந்த மாநிலத்தவரானாலும் விஷயத்தைத் திசைதிருப்புகிறார்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் நிலக்கரி கரண்டில்தானே ஓடுகிறது?

ஆமாம், பெரும்பகுதி. கணக்குப் போடலாம். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 45 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு 51 கிராம். எலெக்ட்ரிக் வண்டிக்கு, சார்ஜ் இழப்பும் கம்பி இழப்பும் சேர்த்து, கிலோமீட்டருக்குச் சுமார் 0.04 யூனிட். இந்திய மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.73 கிலோ. ஆகச் சுமார் 29 கிராம். குறைவுதான், சுழியம் இல்லை.

இது சமவெளிக் கணக்கு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, ஏற்றம் சுமார் 1,000 மீட்டர். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்றால் உயரம் ஏற மட்டும் ஏறக்குறைய 0.85 யூனிட் வேண்டும், தூரத்துக்கு ஆவது தனி. 3 யூனிட் பேட்டரியில் பாதி அங்கேயே காலியாகும். இறக்கத்தில் ஒரு பங்கு திரும்பி வரும், ஆனால் முழு சார்ஜோடு இறங்கத் தொடங்கினால் அதை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது. மேட்டில் சார்ஜ் போட்டால் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். கம்பெனி சொல்லும் கிலோமீட்டரை வைத்து மலைக்கு வண்டி வாங்காதீர்கள்.

கார்பன் கிரெடிட் வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் வருகிறார். கையெழுத்துப் போடலாமா?

உடனே போடாதீர்கள். ஒரு கிரெடிட் என்பது காற்றிலிருந்து குறைத்த ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு, அதைக் கம்பெனிகள் விலைக்கு வாங்கும். ஏற்கெனவே நிற்கும் நிழல் மரத்துக்குப் பணம் வராது, திட்டம் இல்லாமல் நடந்திருக்காத கூடுதல் வளர்ச்சிக்குத்தான் வரும். "உங்க தோட்டத்தில்தான் மரம் நிறைய இருக்கே" என்று ஏஜென்ட் தொடங்கினால் அங்கேயே பொய் ஆரம்பம். புதிதாக ஏக்கருக்கு 100 மரம், மரத்துக்கு வருடம் 20 கிலோ என்று வைத்தால் 2 டன். டன்னுக்கு 800 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் 1,600 ரூபாய், அதுவும் கம்பெனி பங்கும் சரிபார்ப்புச் செலவும் கழிக்கும் முன். ஒரு கிலோ ஏலக்காய் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று பாருங்கள், 20 முதல் 40 வரை இருக்கும். காற்றில் மரம் விழுந்தால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டுமா, கிளை கழிக்க அனுமதி கேட்க வேண்டுமா, நிலத்தை விற்றால் ஒப்பந்தம் வாங்குபவர் தலையில் ஏறுமா என்பவை அடுத்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டாவில் மர உரிமை யாருக்கு என்று பாருங்கள். ஏல மலைக் காட்டு நிலங்களில் மரம் உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். பிறர் மரத்தின் கார்பனை நீங்கள் விற்க முடியாது. பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பயிர் இன்சூரன்ஸ் கட்டியும் பணம் வரவில்லை. இதுவும் ஏமாற்றா?

பெரும்பாலும் விஷயம் எந்த நிலையத்தின் அளவு என்பதில் இருக்கிறது. வானிலை அடிப்படையிலான காப்பீட்டில் உங்கள் செடியை யாரும் வந்து பார்ப்பதில்லை. குறித்த நிலையத்தில் மழையோ வெப்பமோ குறித்த நாட்களுக்குள் குறித்த அளவைத் தாண்டினால்தான் பணம். நிலையம் மலையின் அந்தப் பக்கம் இருந்தால் உங்கள் தோட்டம் கருகியது அதற்குத் தெரியாது. ஏலம் போன்ற பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. கட்டும் முன் நிலையத்தின் பெயர், தொடக்க முடிவுத் தேதி, எல்லை அளவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

யாரையும் நம்பாமல் நாமே மழையை அளக்க முடியுமா?

முடியும். வாய் விட்டம் 16 சென்டிமீட்டர் உள்ள புனல், அடியில் 10 லிட்டர் கேன், மில்லி குறித்த அளவுக் குடுவை. புனல் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் ஆகிறது, எனவே 20 மில்லி தண்ணீர் என்றால் ஒரு மில்லிமீட்டர் மழை. 5 லிட்டர் கேன் வைத்தால் 250 மில்லிமீட்டரில் நிரம்பி வழியும், அன்றைக்குத்தான் அளவு முக்கியம். புனல் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில், சாயாமல் இருக்கட்டும். 10 மீட்டர் மரம் இருந்தால் குறைந்தது 20 மீட்டர் தள்ளி வையுங்கள். ஏலத்தோட்டத்துக்குள் வைத்தால் இலை சொட்டுவதைத்தான் அளப்பீர்கள். தினமும் காலை 8:30-க்கு அளந்து, மழை இல்லாத நாளுக்கும் 0 என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால் பின்னால் பார்ப்பவருக்கு மழை இல்லையா, ஆள் இல்லையா தெரியாது.

ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6-இலிருந்து மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதிகனமழை. பழைய எஸ்டேட் நோட்டுகள் இஞ்சிலும் சென்ட்டிலும் இருக்கும். நூறு சென்ட் ஒரு இஞ்ச், அதாவது 25.4 மில்லிமீட்டர். "3.50" என்று எழுதியிருப்பதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் மழையே இல்லை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது 89 மில்லிமீட்டர்.